புகை எங்கே போகிறது?

புது வீட்டுச் சாவி வாங்கியவர்களும் பழைய வீட்டின் பின்பக்கத்தை இழுத்துக் கட்டுகிறவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "குக்கர் ஹூட் எந்தப் பிராண்டு வாங்கலாம்?" உறிஞ்சும் வேகம் எவ்வளவு, கண்ணாடி முகப்பா எஃகா, கையை ஆட்டினால் நின்றுவிடுமா என்று வரிசையாக விசாரிப்பார்கள். கடைக்காரரும் சளைக்காமல் பதில் சொல்வார். அந்த ஹூட்டின் தலையிலிருந்து கிளம்பும் குழாய் எங்கே போய் முடிகிறது, அது எதனால் ஆனது என்று முதலில் கேட்டவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை.

கட்டடங்களுக்குக் காற்றோட்டக் குழாய் போடும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். பேரங்காடியில் ஓர் உணவகம் திறக்கவேண்டும் என்றால் சமையலறைப் புகைக்குழாய்க்கே தனி வரைபடம் கேட்பார்கள். கனமான எஃகுத் தகடு வேண்டும், மற்ற காற்றுக்குழாயோடு சேரக்கூடாது, உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்ய ஆங்காங்கே மூடி வைத்த திறப்பு வேண்டும். இந்தத் துறையில் உலகம் முழுக்கப் புரட்டப்படும் அமெரிக்க விதிமுறை ஒன்று உண்டு, என்எப்பிஏ 96 என்பார்கள். பெரிய இரும்புச் சட்டியில் வறுத்துக் கொட்டும் கடைகளின் புகைக்குழாயை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்கிறது அது.

நம் வீட்டுச் சமையலறைக்குள் வந்து குழாயைத் திறந்து பார்க்க யாரும் வருவதில்லை. ஆனால் நாம் சமைப்பது ஒன்றும் லேசான சமையல் இல்லை. காலையில் தாளிப்பு, மத்தியானம் மீன் பொரியல், இரவு சம்பால், ஞாயிற்றுக்கிழமை நெத்திலி வறுவல். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் முறுக்குக்கும் அதிரசத்துக்கும் எண்ணெய்ச் சட்டி அடுப்பை விட்டு இறங்குவதே இல்லை.

சட்டியிலிருந்து எழுவது வெறும் புகை என்று நினைக்கிறோம். அதில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளியும் எண்ணெய் ஆவியும் கலந்திருக்கின்றன. ஹூட்டின் வடிகட்டி அதில் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறது. மிச்சம் குழாய்க்குள் போய், குளிர்ந்த சுவரில் படிகிறது. முதலில் பொன்னிறத்தில் பிசுபிசுப்பாக இருக்கும். பிறகு பழுப்பாகும். சில ஆண்டுகள் போனால் அரக்கு போல இறுகிவிடும். அதன்மேல் தூசியும் பூச்சியும் ஒட்டும். திறந்து பார்த்தால் சுரண்டுவதற்கே கரண்டி தேவைப்படும்.

பொரிக்கும்போது எண்ணெய் ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸில் இருக்கும். 200ஐத் தாண்டிப் போகும்போது புகைய ஆரம்பிக்கும். 360, 370 டிகிரி அளவுக்குப் போனால் நெருப்புக்குச்சியே தேவையில்லை, தானாகப் பற்றிக்கொள்ளும். தொலைபேசி அழைப்பு ஒன்று, வாசலில் பொட்டலம் கொண்டு வந்தவர் ஒருவர், அவ்வளவு நேரம் போதும். சட்டியில் பற்றிய தீ மேலே எழும்புகிறது. மேலே ஒரு விசிறி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த விசிறிக்குப் பின்னால் எண்ணெய் பூசிய ஒரு குழாய். சட்டியின் மேல் மூடியைப் போட்டு அணைத்துவிட முடிந்த தீ, குழாய்க்குள் நுழைந்துவிட்டால் நம் கைக்கு எட்டாது. இனி அந்தக் குழாய் தாங்குமா, எங்கே போய் முடிகிறது என்பதுதான் கணக்கு.

கிள்ளானில் எங்களுக்கு உறவான ஓர் அக்கா போன வருடம் தன் இரண்டுமாடி வரிசை வீட்டின் பின்பக்கத்தை நீட்டி வெட் கிச்சன் கட்டினார். மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை ஏறக்குறைய முடிந்த நிலையில் போயிருந்தேன். பளபளவென்று கெபினட், அடுப்புக்கு மேலே புது ஹூட். குழாய் மேலே ஏறி, வெள்ளைப் பலகைக் கூரைத்தட்டுக்குள், அதாவது சிலிங்குக்குள், மறைந்துவிட்டது.

"அந்தப் பக்கம் எங்கேக்கா வெளிய வருது?" என்று கேட்டேன்.

"அது உள்ளதான் தம்பி. மேல விட்டாச்சுன்னு தவுக்கே சொன்னாரு. சுவத்தை ஓட்டை போட்டா மழைத்தண்ணி இறங்குமாம். புகை வீட்டுக்குள்ள வரலையே, அப்புறம் என்ன?"

ஏணி வைத்து, விளக்குக்கு விட்டிருந்த ஓட்டை வழியாகக் கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். வெள்ளிக்காகிதம் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் மெல்லிய அலுமினியக் குழாய், ஒரு மரச்சட்டத்தின்மேல் சாய்ந்து, வாயைத் திறந்தபடி கிடந்தது. அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மின்கம்பிக் கற்றை. புதுக் கட்டடத்தின் கூரைவெளியும் பழைய வீட்டின் கூரைவெளியும் இடையில் அடைப்பில்லாமல் ஒன்றாகவே இருந்தன. அதற்கு நேர் கீழே அக்காவின் மாமியார் படுக்கும் அறை. எண்பது வயதைத் தாண்டியவர், பிடித்து நடத்தினால்தான் எழுந்து நடப்பார்.

குத்தகையாளரோடு பேசினேன். அவர் கெட்டவர் இல்லை. "எல்லா வீட்டுலயும் இப்படித்தான் பாஸ் செய்யிறோம்" என்றார். அது உண்மைதான், அதனால்தான் இதை எழுதுகிறேன். புகையைக் கூரைவெளிக்குள் விடுவது புகையை வெளியேற்றுவது ஆகாது. சமையலறைச் சுவரில் படிந்திருக்கவேண்டிய எண்ணெயைக் கொண்டுபோய் மரச்சட்டத்திலும் மின்கம்பியிலும் பூசுகிற வேலை அது. எண்ணெய் வாசனைக்கு எலி வரும், எலி கம்பியைக் கடிக்கும். வாசலில் எதுவும் தெரியாது.

அக்கா கொஞ்சம் முகம் சுளித்தார். சிலிங்குக்குச் சாயம் பூசி முடித்தாயிற்று, கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது, கையில் காசும் கரைந்துவிட்டது. அத்தானோ ஹூட்டையே போடாமல் சன்னலைத் திறந்து சமைக்கலாம் என்றார். இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பின்சுவரில் ஓட்டை போட்டு, நேர்க்குழாய் வைத்து, வெளிப்புறம் மூடி மாட்ட ஆனது ஒன்றரை நாள் வேலை, சில நூறு ரிங்கிட் செலவு. மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கக் குழாயை வெளிப்பக்கம் பார்த்து லேசாகச் சரித்து வைத்தால் போதும். உள்ளே வடியும் எண்ணெயும் அந்தப் பக்கமே போகும்.

குழாய் எதனால் ஆனதாக இருக்கவேண்டும்? உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் துத்தநாகம் பூசிய எஃகுத் தகடு, அல்லது துருப்பிடிக்காத எஃகு. ஹூட் பெட்டியோடு இலவசமாக வரும் மடிப்பு அலுமினியக் குழாய் இரண்டு விதத்தில் மட்டம். ஒவ்வொரு மடிப்பும் எண்ணெய் தேங்கும் ஒரு கிண்ணம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், எண்ணெய்த் தீயின் சுடருக்கு அது பெரிய சூடே இல்லை. காகிதம் போல மெல்லியதாகவும் இருப்பதால் சீக்கிரமே கிழிந்து, உள்ளே போன தீயைச் சிலிங்குக்குள் கொட்டிவிடும். ஹூட்டையும் எஃகுக் குழாயையும் இணைக்க அரை மீட்டர் துண்டு, அதுவும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், நன்றாக இழுத்துவிட்டு மாட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்குச் சிலிங்குக்குள் பாம்பாகச் சுருண்டு கிடப்பதைப் பொறுக்க முடியாது.

இதைவிட மோசமான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். மழைநீருக்கும் கழிவுநீருக்கும் போடுகிற பிவிசி குழாயையே ஹூட்டுக்கு மாட்டிவிடுகிறார்கள். அது 80 டிகிரி அளவிலேயே இளகத் தொடங்கும். எரிந்தால் வருகிற புகை தொண்டையைக் கிழிக்கும். குத்தகையாளர் மலிவு என்று சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

குழாயின் விட்டம் ஹூட்டின் வாய் அளவே இருக்கட்டும், இப்போது வருபவற்றில் பெரும்பாலும் 150 மில்லிமீட்டர். ஓட்டை சிறியது என்பதற்காக 100க்குக் குறுக்கினால் சத்தம் கூடும், புகை போகாது. என் கணக்கு, மூன்று மீட்டருக்குள் இரண்டு வளைவுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வளைவிலும் காற்று தடுமாறும், தடுமாறும் இடத்தில் எண்ணெய் இறங்கும். மூட்டுகளை உலோக நாடாவால் ஒட்டவேண்டும். துணி நாடா சூட்டில் பசை விட்டுவிடும். மரச்சட்டமோ பலகையோ குழாயைத் தொடக்கூடாது. வெளி வாயில் காற்று வந்தால் திறந்து நின்றால் மூடிக்கொள்கிற தகடு வேண்டும். இல்லாவிட்டால் மைனா கூடு கட்டிவிடும். எண்ணெய் ஊறிய குழாய் முனையில் காய்ந்த புல் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அடுப்புக்கும் ஹூட்டுக்கும் நடுவே எத்தனை இடைவெளி என்பது ஹூட்டின் கையேட்டில் இருக்கும். எரிவாயு அடுப்புக்குப் பல தயாரிப்பாளர்கள் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை சொல்கிறார்கள். கெபினட்காரர் சொல்லும் அளவை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

வரிசை வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு விஷயம். நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர் வெறும் எல்லைக்கோடு அல்ல, தீத்தடுப்பு. யுபிபிஎல் என்று எல்லாரும் சொல்லும் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டங்கள், அந்தச் சுவர் கூரைக்கும் மேலே எழும்பி நிற்கவேண்டும் என்று சொல்வது அதற்காகத்தான். கூரைவெளி வழியாக ஒரு வீட்டுத் தீ பத்து வீட்டுக்குத் தாவக்கூடாது. அந்தச் சுவரைக் குடைந்து ஏர்கோன் குழாயையோ புகைக்குழாயையோ கொண்டுபோவதும், பின்பக்கத்தை நீட்டும்போது அந்தச் சுவரைச் சிலிங் மட்டத்திலேயே நிறுத்திவிடுவதும் நமக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் செய்கிற தீங்கு. பின்பக்கத்தை நீட்டுவதற்கு நகராண்மைக் கழக அனுமதி எப்படியும் வேண்டும். வரைபடம் வரைபவரிடம் ஹூட் குழாய் வெளியேறும் இடத்தையும் குறிக்கச் சொல்லிவிட்டால் பின்னால் தகராறு இல்லை. பக்கத்து வீட்டுச் சன்னலுக்கு நேராக வைக்காதீர்கள், அது வேறு சண்டை.

அடுக்குமாடியில் வசிக்கும் இளைய தம்பதிகள் பலர் நாங்கள் குழாயே போடவில்லை, கரி வடிகட்டி போட்ட ஹூட்தான் என்பார்கள். காற்றைச் சுத்தம் செய்து திரும்ப அறைக்குள்ளேயே விடுகிற வகை. தீ விஷயத்தில் அது மோசமில்லை, குழாயே இல்லையே. ஆனால் கரி வடிகட்டியைக் கழுவ முடியாது, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் அடுப்புக்கு மேலே எண்ணெய் ஊறிய கரியைத் தொங்கவிட்டது போலத்தான்.

குழாய் போடுவதாக இருந்தால் கூட்டு நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். குளியலறைக் காற்றை இழுக்கும் பொதுக் குழாய்த்தண்டில் ஹூட் குழாயை ஒருபோதும் இணைக்கவேண்டாம். மேலே கீழே எல்லா மாடிக்கும் போகிற வழி அது. பெரிய கட்டடங்களில் சாதாரணக் காற்றுக்குழாய் தீத்தடுப்புச் சுவரைக் கடக்கும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு வைத்திருப்போம். ஏறத்தாழ 72 டிகிரிச் சூட்டில் உருகும் ஒரு சிறிய இணைப்பு அதைப் பிடித்திருக்கும். சூடு வந்தால் இணைப்பு உருகும், கதவு தானாக விழுந்து அடைக்கும். அதன் வழியே எண்ணெய்ப் புகையை விட்டால் கதவு பிசினில் ஒட்டிக்கொள்ளும், தேவைப்படும் நாளில் விழாது. உங்கள் வீட்டில் புதுப்பிப்பு வேலை செய்கிறவர் தளத்திலோ சுவரிலோ ஓட்டை போட்டுவிட்டு மஞ்சள் நுரையை அடித்து மூடினால், அது தீ தாங்கும் வகையா என்று டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். சாதாரண நுரை நன்றாக எரியும்.

துணி உலர்த்தும் இயந்திரத்துக்கும் குழாய் உண்டு, வெளியே காற்றை விடும் வகையாக இருந்தால். அங்கே எண்ணெய்க்குப் பதில் பஞ்சு. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரைக்குமான கணக்கில், வீட்டு உலர்த்திகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,900 தீ விபத்துகள் என்றும், சுத்தம் செய்யாமல் விடுவதே முதன்மைக் காரணம் என்றும் சொன்னது. நம் ஊரில் வெயில் இருக்கிறது, கொடி இருக்கிறது. மழைக்காலத்துக்காக வாங்கியவர்கள் பஞ்சு வலையை ஒவ்வொரு முறையும் தட்டுங்கள், குழாயை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிப் பாருங்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றியும் சொல்லவேண்டும். ஹூட்டின் வலையோ தகட்டு வடிகட்டியோ, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரும் பாத்திரச் சவர்க்காரமும் போட்டு ஊறவைத்தால் போதும். எண்ணெய் சேரும் கிண்ணத்தை நிரம்பும்வரை விடாதீர்கள். குழாயை ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிப் பலகாரம் ஆரம்பிக்கும் முன், மின்சாரத்தை அணைத்துவிட்டுக் கழற்றி, கையுறை போட்ட கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். விரலில் பசை ஒட்டினால் துடைக்கலாம். கட்டியாக இறுகியிருந்தால் அந்தத் துண்டையே மாற்றிவிடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் சட்டியில் தீப்பிடித்தால்? கை எட்டினால் எரிவாயுவை மூடுங்கள். தீயின்மேல் கையை நீட்டாமல் எட்ட முடிந்தால் ஹூட்டையும் நிறுத்துங்கள், ஓடும் விசிறி தீயை மேலே இழுக்கும். சட்டியின் மேல் உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காதீர்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். தண்ணீர் கூடவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்தால் ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவியாக விரியும். அது கொதிக்கும் எண்ணெயை அறை முழுக்க வீசி அடிக்கும்.

குழாய்க்குள் இரைச்சல் கேட்டாலோ, சிலிங் விளக்கின் ஓரத்திலிருந்து புகை வந்தாலோ, சிலிங்கில் பழுப்பு வட்டம் பரவினாலோ தீ மேலே போய்விட்டது என்று அர்த்தம். அப்போது சிலிங்கைத் திறந்து பார்க்கப் போகாதீர்கள், திறந்தால் அதற்குக் காற்று கிடைக்கும். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய், அங்கிருந்து 999ஐ அழையுங்கள்.

வெளியே போக வழி இருக்கவேண்டும். நம் வீடுகளில் இதுதான் எனக்குப் பெரிய கவலை. திருடனுக்குப் பயந்து பின்கதவில் கிரில், அதில் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவி யாருடைய கைப்பையிலோ. அக்கா வீட்டில் குழாயைச் சரிசெய்த பிறகு கேட்டேன், பின் கிரில் சாவி எங்கே என்று. அத்தான் வேலைக்குப் போகும்போது காரில் கொண்டுபோய்விடுகிறாராம். பகலில் வீட்டில் இருப்பது மாமியாரும், அவரைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளரும் மட்டும். அந்த உதவியாளர் வந்து எட்டு மாதமாகிறது, பின்கதவு திறந்ததை ஒருநாளும் பார்த்ததில்லை என்றார்.

இப்போது இன்னொரு சாவி வெட்டி, கிரில்லுக்கு உள்பக்கம், வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத தூரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். மாமியாரின் சக்கர நாற்காலி அந்த வழியாகப் போகுமா என்று அன்று மாலையே தள்ளிப் பார்த்தோம். போகவில்லை. புதிதாக வைத்த கெபினட்டின் கடைசி அலமாரி நான்கு விரல் அளவுக்கு வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன் அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள்.